டாக்டர் கேட்டது வலிவு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாயில் என் மகள். ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அவள் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என் மனைவி. உள்கதவை ஒட்டி என் மாமியார். சுவரோரப் பெஞ்சில் மாமனார். அவருக்கு முதுகைக் காட்டியபடி முக்காலியில் டாக்டர். நான் இல்லை. டாக்டரைக் கொண்டுவந்த ஜட்காவின் சக்கரம் தெருக்கோடியில் சேற்றில் இறங்கிவிட்டது. வண்டிக்காரனோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தேன். கால் கழுவி உள்ளே வருவதற்குள் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டு, இவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார்கள்.

அந்த ஐந்து பேரையும் மனசுக்குள் அவரவர் இடத்தில் உட்காரவைத்து, அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படிப் பார்க்கும்போதெல்லாம் சக்கரம் சேற்றில் இறங்குவதே இல்லை. நான் உள்ளே நிற்கிறேன்.

எங்களுக்கு நாஞ்சில் நாட்டுப் பக்கம். அப்பா போனதும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். வற்றல் மூட்டையைப் பிரிப்பது, தரம் பார்த்துப் பொறுக்குவது, எடை போடுவது. பெரியவனான பிறகும் அதே மண்டி, அதே வேலை. குடியிருப்பு கரமனையில், ஆற்றுக்குப் பக்கம், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மனைவி திருநெல்வேலிக்காரி.

சுபாவத்தில் நான் பயந்தவன். மேற்கே இருட்டினால் ஆறு பெருகிவிடுமோ என்பேன். கடிதம் வந்தால் பிரிப்பதற்கு முன்பே யார் செத்தார்கள் என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவனுக்கு மூச்சு இழுக்கிற குழந்தை பிறந்தது. இரண்டு வயதில் ஆரம்பித்தது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் மூக்கு ஒழுகும், இருமும், பிறகு அந்தச் சத்தம் வரும். ஈர விறகை அடுப்பில் வைத்தால் மறுமுனையில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு சீழ்க்கை கேட்குமே, அந்தச் சத்தம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழும். பேசமாட்டாள். கண்ணால் மட்டும் எங்களைத் தொடர்ந்துகொண்டே இருப்பாள்.

வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. சாயங்காலம் நான் வாசல் நடையில் கால் வைத்ததுமே உள்ளே அவள் தும்முவாள்.

"உங்க மக மோப்பம் பிடிச்சிட்டா" என்று மனைவி சிரிப்பாள். "கதவு திறக்குத சத்தம் எனக்குக் கேக்கல, அவ மூக்குக்குக் கேட்டுட்டு."

மூக்கைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து என் மேல் ஏறி, தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். மறுபடி தும்முவாள். நாங்கள் மறுபடி சிரிப்போம்.

அந்த வருஷம் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தது வேறு ஒரு காரியமாக. மனைவியின் தங்கைக்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு இடம் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துக்கொண்டிருந்த நேரம். குடும்பத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் குழந்தைக்கு என்றுமில்லாத கடுமையாக இழுப்பு வந்தது. சாயங்காலமானால் உடம்பும் லேசாகச் சுட்டது. ஓடிப்போய் டாக்டரைக் கொண்டுவந்தேன்.

நான் உள்ளே வந்தபோது டாக்டர் காதுக் குழலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். மலையாளி, எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார்.

"பிள்ளே, பேடிக்கேண்டா, பயப்பட வேண்டா. ஆனா சொல்லாம இருக்கவும் முடியாது. வெறும் வலிவாயிருந்தா குடும்பத்திலே ஓடி வரும். உங்க பக்கம் உண்டோ?"

வலிவு என்றால் இந்த ஊரில் மூச்சிழுப்பு. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை. அப்படியே சொன்னேன்.

"அவங்க பக்கமும் இல்லவே இல்லேன்னு உங்க மாமியாரு சத்தியம் பண்ணுது. ரெண்டு பக்கத்திலும் இல்லே, குழந்தை மெலியுது, சாயங்காலம் சூடு. அப்போ வேறே சம்சயம் வருது."

"என்ன சம்சயம்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, க்ஷயம் என்றார். மழை விட்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கலாம், அதுவரை தனியாகக் கிடத்துங்கள், பாத்திரம் தனியாக வையுங்கள், தாயும் நெருங்கிப் படுக்க வேண்டாம் என்றார். அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். அந்த வார்த்தையோடு உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் உள்ளே போய்ச் சொன்னேன். தனியாகக் கிடத்த எங்கள் வீட்டில் எங்கே இடம்? முன்னறை, நடு அறை, அடுக்களை, அதை ஒட்டி விறகு போடுகிற ஒரு சிற்றறை. விறகு என்றால் பாதிக்கு மேல் தேங்காய் உரித்த தொண்டும் காய்ந்த ஓலையும். ஓலையை ஒரு பக்கம் ஒதுக்கி, தரையைச் சாணி போட்டு மெழுகி, குழந்தையைப் பாயோடு அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். மழை ஈரத்தில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. தொட்டால் விரலில் மாவுபோல ஒட்டியது. அடுக்களைக்கும் அதற்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரைக்கும் எட்டவில்லை. ஈரத் தொண்டு புகைந்தால், புகை அந்த வழியாக அவளிடம்தான் போகும்.

மாமியார் திருநெல்வேலிக்குப் போகாமல் தங்கிவிட்டார். மாமனார் மட்டும் போனார். மகள் பிள்ளைக்காகத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், அதில் நான் குறை சொல்ல முடியாது. கெட்ட காற்று அண்டாதிருக்கக் காலையும் மாலையும் அந்த அறைக்குள் சாம்பிராணி போட்டார். சாம்பிராணி தீர்ந்துபோன அன்று வேப்பிலையையும் கடுகையும் கனலில் போட்டார். மாமனாரின் பழைய தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சை அங்கேயே கொட்டி உதறி, குழந்தைக்குச் சின்னதாக ஒன்று தைத்துக் கொடுத்தார். பஞ்சுத் துகள் அறை முழுக்கப் பறந்தது. குழந்தை இருமிக்கொண்டே அதைக் கையால் பிடிக்கப் பார்த்தாள்.

"சளி இளகுது" என்றார் மாமியார். "இருமட்டும் மாப்ளே. இருமுனாத்தான் வெளிய வரும்."

மண்டியிலிருந்து வந்ததும் நான் நேரே அந்த அறைக்குத்தான் போவேன். டாக்டர் தாயைத்தான் நெருங்க வேண்டாம் என்றார், தகப்பனைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். எலும்பு எலும்பாக இருந்தாள். ஒருநாள் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, என்னையும் தொண்டுகூட அடுக்கி வச்சிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப என்னை எப்ப எரிப்பீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். தானே சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு மூச்சில் மாட்டிக்கொண்டது. மனைவி அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுவிட்டாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, அன்று ராத்திரிச் சோறே வடிக்கவில்லை.

ஆனி மாசம், இங்கே மிதுனம், முடிகிற சமயத்தில் மாமனார் மாமியாரை அழைத்துப்போக வந்தார். தம்பானூரில் ரயிலிறங்கி, வண்டி கிடைக்காமல் மழையில் நடந்தே வந்திருந்தார். நடையில் ஏறியவர் பேசவில்லை. தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டார். தோள்பட்டை இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கின. அப்போது அந்தச் சத்தம் வந்தது. ஈர விறகின் சீழ்க்கை.

முதலில் அது உள்ளே இருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்தும் வந்தது. சிற்றறையிலிருந்து ஒன்று, நடையிலிருந்து ஒன்று. சின்னதும் பெரியதுமாக ஒரே சத்தம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

அவரை நான் அதுவரை பார்த்ததெல்லாம் கல்யாணம், கோயில்கொடை என்று வெயில் காலங்களில், அவர்கள் ஊரில். இப்படிப் பார்த்ததில்லை.

மாமியார் ஓடிவந்து முதுகைத் தடவினார். "ஒண்ணுமில்ல மாப்ளே, பயப்படாதீங்க. வழக்கமான இளைப்புதான். மழை பட்டா வரும். வெந்நி குடிச்சா அடங்கிரும்."

"எத்தனை நாளா அத்தை?"

"நாளா? என்னைக் கட்டுறதுக்கு முன்னாடியே உண்டு. அவுக ஆத்தாளுக்கும் உண்டு. உங்க பொஞ்சாதிக்கே சின்னதுல களத்துல நெல்லுப் பொலி தூத்துற நாள்ல வரும். பெரியவளானதும் போயிட்டு. அவளுக்கே ஞாபகம் இருக்காது."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"டாக்டரு எங்க இதைக் கேட்டாரு? வந்து உக்காந்ததும் உக்காராததுமா, உங்க குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டான்னுல்லா கேட்டாரு! சின்னவளுக்கு இடம் பேசிட்டு இருக்கோம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன ஆகும்? ஏழு தலைமுறைக்குக் கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னேன்."

"அது வலிப்பு இல்ல அத்தை. வலிவு. இங்கே இளைப்புக்கு வலிவுன்னு பேரு."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "எங்க ஊர்ல வலிவுன்னா பலம். மூச்சு முட்டிச் சாகுறதுக்கு இந்த ஊர்ல பேரு பலமா?" பிறகு மெதுவாகச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மாமனார் தூணை விடாமல், மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எனக்கும்... வலிப்புன்னுதான்... கேட்டுது."

டாக்டர் கேட்ட அன்று மனைவிக்குக் குழந்தையின் மூச்சைத் தவிர வேறெதுவும் காதில் விழுந்திருக்காது. இப்போது அவள் நேரே சிற்றறைக்குப் போய்க் குழந்தையைப் பாயோடு வாரிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். "ஞான் திரும்பிப் பார்த்திருந்தா போதும்" என்றார். "அப்பூப்பன், குழந்தையோட தாத்தா, என் முதுகுக்குப் பின்னாடிதானே இருந்நு." உடனே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதட்டில் இருந்த நீலம் வடிந்தது. அவள் படுத்துத் தூங்கினாள். படுத்து, உட்கார்ந்து இல்லை. அதைப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது!

பிறகு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சிற்றறையில் தலையை நுழைத்ததும் அவருக்கே இருமல் வந்தது. தலையணையை முகர்ந்துவிட்டு மாமியாரிடம் நீட்டினார். "அம்மே, அப்பூப்பன் கொடுத்ததை எனிக்கு மாத்த முடியாது. அது ரத்தத்திலே வந்தது. மத்ததை மாத்தலாம். இந்தப் பஞ்சு வேண்டா. சாம்பிராணி வேண்டா. புகை வர்ற இடத்திலே குழந்தை வேண்டா."

"சாம்பிராணி தெய்வத்துக்குப் போடுறதுல்லா" என்றார் மாமியார்.

"தெய்வத்துக்கு நெஞ்சு கெட்டி, அம்மே. இதுக்கு இல்லை."

போகிறபோது நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். டாக்டர் சட்டென்று தும்மினார். இன்னொரு தடவை தும்மினார். நின்று என் துவர்த்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளே, உங்களுக்கு எவிடெயா ஜோலி?"

"சாலைக் கடைத்தெருவிலே. மிளகாய் மண்டி."

"இதோடயா குழந்தையை எடுக்கிறது?"

அவள் மோப்பம் பிடித்ததையும், நாங்கள் சிரித்ததையும் அவரிடம் எப்படிச் சொல்ல?

மறுநாளிலிருந்து மண்டி விட்டு வரும்போது கரமனையாற்றில் முங்கிக் குளித்து, வேட்டியையும் துவர்த்தையும் அலசி, ஈரத்தோடு வருவேன். அப்படியும் அவள் தும்மினாள். மிளகாய்ப் பொடி தலைமயிரில் இருக்கும், காதுக்குள் இருக்கும், நகக்கண்ணில் இருக்கும். பல வருஷமாக ஊறியது ஒரு முங்கலில் போகுமா? கடைசியில் அவளை எடுப்பதையே நிறுத்தினேன். கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். மனைவி பின்னாலிருந்து பிடித்து இழுப்பாள். "அப்பா மேல முள்ளு இருக்கு, போகாத." சில நாளில் அவள் ஓடிவருவதை விட்டுவிட்டாள். தூரத்தில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்ப்பாள்.

மழையும் ஓயவில்லை. வீடும் மாறவில்லை. ஆற்றங்கரை ஈரம் சுவரிலேயே இருந்தது. மூச்சு முற்றும்போதெல்லாம் ஊசி வேண்டியிருந்தது. எனக்குச் சம்பளம் மாசம் ஏழு ரூபாயும் சில சக்கரக் காசும்தான். ஊசிக்கும் மருந்துக்கும் மண்டி முதலாளியிடம்தான் முன்பணம் வாங்கினேன். வேறு யார் எனக்குத் தருவார்கள்? அதே கடைவரிசையில் அவருக்கு ஒரு பாத்திரக்கடையும் இருந்தது. பித்தளை, வெண்கலம். புளி போட்டுத் துலக்குகிற வேலை, தூசி கிடையாது. அங்கே மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு என் மேல இருக்க பொடி ஆகலன்னு டாக்டர் சொல்லுதாரு."

அவர் சிரித்தார். "மிளகாய்ப் பொடியிலதான்வே நான் ஏழு பிள்ளை வளத்தேன். வத்தலை முகர்ந்து பாத்தே எந்த ஊருச் சரக்குன்னு சொல்லுத ஆளு நீரு. உம்ம மூக்கைக் கொண்டுபோய் அண்டாவுக்குள்ள வைக்கவா?"

"இல்லேன்னா வேற இடம் பாத்துக்கிடுதேன்."

சிரிப்பு நின்றது. "தாராளமாப் பாரும். பாக்கியைத் தீர்த்துட்டுப் போம்."

தீர்க்க ஏது? அவளுக்கு ஊசி போட்ட கடன் என்னை மண்டியில் கட்டிப்போட்டது. மண்டிப் பொடி அவளுக்கு மறுபடி ஊசி தேடியது. இதை நான் அப்போதே கண்டுவிட்டேன். கண்டதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மறுவருஷம் கர்க்கடகத்தில், ஆடி மழையில், அவள் போய்விட்டாள். அதிகாலை, நல்ல மழை. டாக்டரை அழைத்துவர நான் ஓடியிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் தன் அம்மாவின் நெஞ்சில் சாய்ந்தபடியே இருந்தாள். சத்தம் மட்டும் இல்லை. இந்தத் தடவையும் நான் அறையில் இல்லை. அன்று அவளை எடுத்தேன். முகத்தை என் துவர்த்தில் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிந்தது.

மாமனார் துட்டிக்கு வரவில்லை. மழையில் அவரால் ரயிலேற முடியாது. மாமியார் மட்டும் வந்தார். சிற்றறையில் இருந்த தேங்காய்த் தொண்டு முழுவதையும் கடவப்பெட்டியில் அள்ளி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். மழையில் நனைந்துகொண்டு அள்ளினார். யாரும் தடுக்கவில்லை.

மண்டி முதலாளி துட்டி கேட்க வந்தார். நாற்காலி கிடையாது, அந்தச் சுவரோரப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். நல்ல மனசோடுதான் வந்திருந்தார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"பாத்திரக்கடையில இருந்த பையன் ஊருக்குப் போயிட்டான். உம்மை அங்க போடலாம்னு நினைச்சேன். இனி எதுக்குவே? பழகின இடத்துலயே இரும். மனசுக்கும் ஆறுதலா இருக்கும்."

நான் உள்ளே பார்த்தேன். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றின் மேல் ஒரு கை இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் துவர்த்தைப் பார்த்தாள்.

"வேணும் அண்ணாச்சி. பாத்திரக்கடைதான் வேணும்."

அவரும் திரும்பி அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தலையை ஆட்டினார்.

"சரிவே. ஆனா ரெண்டு கடைக்கும் கணக்கு வேற. என் தம்பியும் அதுல பங்கு. மண்டிப் பாக்கியைத் தீர்த்த அன்னைக்கு அங்க வந்து உக்காரும். இடத்தை நான் யாருக்கும் கொடுக்கல."

"எவ்வளவு நிக்குது அண்ணாச்சி?"

சொல்ல அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இழவு வீட்டில் சொல்லலாமா என்று ஒருகணம் யோசித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் நனைந்து கிடந்த தொண்டுக் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாப்பத்தியொரு ரூவா, பதினொரு சக்கரம்."